மகஜரோடு கணக்கும் செல்லட்டும்

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது நம் நாட்டுப் பழமொழி. கிராமப் பஞ்சாயத்துத் தலைவர் ஊராரின் குறைகளை எழுதி எடுத்துக்கொண்டு சென்னைக்குப் புறப்படும்பொழுதெல்லாம் இப்பழமொழியே அவருக்கு வழித்துணையாகச் சொல்லப்படுகிறது. ஆனால், அழுதால் மட்டும் போதுமா? எதற்காக அழுகிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்லவும் வேண்டும். எவரிடம் பால் உள்ளதோ அவரிடமே செல்லவும் வேண்டும். இவ்விரண்டும் இல்லாத மகஜர்கள் அலுவலக அடுக்குகளில் உறங்குகின்றன. இவ்விஷயத்தில் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களாகிய நமக்கும் ஒரு பொறுப்பு உண்டு என்பதே இக்கட்டுரையின் கருத்து.

“பஞ்சாயத்துத் தலைவருக்குத் தெருவிளக்கும் சாக்கடையும் போதாவா? தறியையும் வயலையும் பற்றிப் பேசச் சட்டசபை அங்கத்தினர் இருக்கிறாரே” என்று கூறுவோர் உளர். 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 110-வது பிரிவு விளக்கு, சாலை, கால்வாய் முதலியவற்றையே கட்டாயக் கடமைகளாக வகுத்துள்ளது என்பது உண்மையே. எனினும், 1993 ஏப்ரல் 24 முதல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 73-வது திருத்தம், பஞ்சாயத்துக்களிடம் ஒப்படைக்கத் தக்கவையென 29 துறைகளைப் பதினோராம் அட்டவணையில் குறிப்பிடுகிறது. அவற்றுள் முதலாவது விவசாயம். கதர், கிராமக் குடிசைத் தொழில்கள், சந்தைகள் ஆகியனவும் அதில் உள்ளன. ஆயினும், இவற்றில் எவ்வளவு அதிகாரம் தருவது என்பதை அந்தத் திருத்தம் மாநிலச் சட்டசபையின் விருப்பத்திற்கே விட்டுவிட்டது. தன் கையில் அதிகாரம் இல்லாதவன், அதிகாரம் உள்ளவனிடம் கேட்டுத்தான் ஆகவேண்டும். ஆகவே, தறிக்காகவும் வயலுக்காகவும் அரசாங்கத்திடம் வாதாடுவது தலைவர் நமக்குச் செய்யும் உபகாரமன்று. அவருடைய பதவியோடு ஒட்டிப் பிறந்த கடமையாகும்.

இனி, எவ்வாறு வாதாடுவது என்பதைப் பார்ப்போம்.

முதலாவது, வாசலை அறிதல். நெல்லை எடுத்துக்கொள்வோம். அறுவடைக் காலத்து மழையில் நனைந்த நெல் நேரடிக் கொள்முதல் நிலையத்தின் முன் குவிந்து கிடக்கிறது. ஈரப்பதம் 17 சதவீதத்திற்கு மேற்பட்டால் வாங்க இயலாது என்கிறார் நிலைய அலுவலர். ஊரார் அவரை முற்றுகையிடுகின்றனர். அவரோ அந்த வரம்பை விதித்தவரல்லர். மாநில அரசாங்கமும் அதைத் தானாகத் தளர்த்த இயலாது. அது மத்திய அரசாங்கத்தின் விதி. 2022-ஆம் ஆண்டில் 22 சதவீதம் வரை அனுமதிக்குமாறு தமிழ்நாடு கேட்டது. 19 சதவீதத்திற்கே அனுமதி கிடைத்தது. ஆனால், நிலையம் குறித்த நாளில் திறக்கவில்லை, சாக்கு வரவில்லை, வாங்கிய மூட்டைகள் நகரவில்லை என்பன போன்ற குறைகள் மாநிலத்தின் நுகர்பொருள் வாணிபக் கழகத்தையும் மாவட்டக் கலெக்டரையும் சார்ந்தவை. இவ்விரண்டையும் ஒரே மகஜரில் கலந்தெழுதினால், ஒவ்வொரு அலுவலகமும் “இது எங்களுடையதன்று” என்று மற்றதைக் கைகாட்டிவிடும். நிலையம் திறப்பதற்கு ஒரு மனு, ஈரப்பதம் குறித்து மத்திய அரசாங்கத்திற்கு எழுதுமாறு மாநிலத்தை வேண்டும் மனு வேறொன்று என இரண்டாகப் பிரித்தெழுதுவதே அறிவுடைமை.

நெசவிலும் இவ்வாறே. கைத்தறிக்கென 11 வகைத் துணிகளை ஒதுக்கிவைத்திருக்கும் 1985-ஆம் ஆண்டுச் சட்டம் மத்திய சட்டம். அவ்வகைகளை விசைத்தறியில் நெய்தால் சோதனையிட வேண்டியதோ மாநிலக் கைத்தறித் துறையின் அமலாக்கப் பிரிவு. நெசவாளருக்குரிய இலவச மின்சாரம் முற்றிலும் மாநிலத்தின் முடிவு. இரு மாதங்களுக்கு 200 யூனிட்டாக இருந்ததை 2023-இல் 300 யூனிட்டாக உயர்த்தியது மாநில அரசாங்கமே.

இரண்டாவது, கணக்கு. ஆய்வுக்காகச் செல்லும் ஊர்களில் நான் அடிக்கடி காணும் நிலைமை ஒன்றைச் சொல்கிறேன். நெசவாளர் சங்கம் தள்ளுபடி கொடுத்துத் துணியை விற்கிறது. தள்ளுபடித் தொகையை அரசாங்கம் பின்னர்ச் சங்கத்திற்கு ஈடுசெய்யவேண்டும். அத்தொகை தாமதப்பட்டால் சங்கத்தின் நடைமுறை மூலதனம் முடங்குகிறது, நூல் வாங்கப் பணமில்லை, பாவு கிடைக்காமல் தறி நிற்கிறது, கூலி தள்ளிப்போகிறது. இத்துன்பத்தைப் பஞ்சாயத்துத் தலைவர் மேலிடத்தில் எடுத்துரைக்கும்பொழுது “எங்கள் நெசவாளர் வாடுகின்றனர்” என்று மட்டும் கூறுகிறார். அது உண்மைதான், ஆயினும் கேட்கும் அதிகாரி அதை எந்தக் கோப்பில் சேர்ப்பார்? எத்தனை மாதத் தள்ளுபடி நிலுவை, எத்தனை தறிகள் எத்தனை நாட்கள் நின்றன, எத்தனை குடும்பங்களுக்குக் கூலி பாக்கி என்ற மூன்று எண்களைச் சொன்னால் அவர் பதில் சொல்லியாகவேண்டும். இம்மூன்று எண்களும் தலைவரின் வீட்டில் இல்லை. நம் சங்கத்தின் பேரேட்டில் உள்ளன. அவற்றை அவருக்கு எழுதிக் கொடுக்காத சங்கம், அவர் வெறுங்கையோடு திரும்பினார் என்று குறைகூறுதல் நியாயமாகாது.

கணக்கோடு செல்லும் பஞ்சாயத்துக்கு எத்தகைய காரியமும் கைகூடும் என்பதற்குக் கோயம்புத்தூர் மாவட்டத்து ஓடந்துறை சான்று. மேட்டுப்பாளையத்தை அடுத்த அவ்வூர்ப் பஞ்சாயத்து, 2006-இல் ஏறக்குறைய 1 கோடியே 55 லட்சம் ரூபாய்ச் செலவில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவியது. அதில் 40 லட்சம் பஞ்சாயத்தின் சேமிப்பு. எஞ்சியது பாங்குக் கடன். மின்சாரம் விற்ற வருமானத்திலிருந்தே கடன் அடைக்கப்பட்டது. வரவையும் செலவையும் தவணையையும் முன்கூட்டியே காட்டக்கூடிய ஊருக்கு அனுமதி மறுப்பது எளிதன்று.

மூன்றாவது, கிராம சபை. திருவள்ளூர் மாவட்டத்துக் குத்தம்பாக்கத்தில் 1996-இல் தலைவரான திரு. இளங்கோ, கழிவுநீர்க் கால்வாய் கட்டுவதற்குக் கிரானைட் ஆலைகள் கழித்த கற்களைப் பயன்படுத்திச் செலவைக் குறைத்தார். மதிப்பீட்டினின்று விலகினார் என அவர் இடைநீக்கம் செய்யப்பட்டார். ஊரார் கிராம சபையாகக் கூடி அவர் பக்கம் நின்றனர். பின்னர் அவ்வுத்தரவு ரத்தாயிற்று. தனி மனிதரை விலக்குவது எளிது; கூடிய சபையின் தீர்மானத்தை ஒதுக்குவது அரிது. கிராமப் பஞ்சாயத்துத் தேர்தல் கட்சிச் சின்னமின்றி நடப்பது என்பதையும் நாம் மறத்தலாகாது. ஆளுங்கட்சியைச் சார்ந்தவரா அல்லவா என்ற கேள்வி சபைத் தீர்மானத்தின் முன் எழாது.

ஆண்டுக்கு நான்காக இருந்த கிராம சபைகள் 2022 முதல் ஆறாக உயர்த்தப்பட்டன. 3,001 முதல் 10,000 வரை மக்கள்தொகையுள்ள ஊரில் 200 பேர் வந்தால்தான் சபை நிறைவுறும். நெசவாளரும் விவசாயிகளும் தறியையும் வயலையும் விட்டு ஒரு முற்பகல் வராவிடில், அவர்களுடைய குறை தீர்மானத்தில் எவ்வாறு இடம்பெறும்?

இங்கு ஒரு கசப்பான செய்தியையும் சொல்லவேண்டும். 2016-இல் பதவிக்காலம் முடிந்த பின், 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரிலும், மற்ற 9 மாவட்டங்களில் 2021 அக்டோபரிலுந்தான் கிராமத் தேர்தல் நடைபெற்றது. 2019-இல் தேர்வானோரின் காலம் 2025 ஜனவரியில் முடிந்தபொழுது மீண்டும் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். பதவிக்காலம் முடியுமுன்னரே தேர்தல் நடைபெறவேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் விதி. தனி அலுவலர் எத்துணை நேர்மையானவராயினும், அவர் மேலதிகாரிக்குப் பதில் சொல்பவர். மேலதிகாரியிடம் ஊருக்காக வாதாட நியமிக்கப்பட்டவரல்லர். நானும் ஓர் அரசாங்க ஊழியன் என்பதால், இவ்வேறுபாட்டை நன்கறிவேன். ஆகவே, தேர்தலைக் காலத்தே நடத்தவேண்டும் என்பதும் நம் கோரிக்கைகளுள் ஒன்றாக இருத்தல் வேண்டும். பிரதிநிதி இல்லாத நாட்களில் சங்கங்களின் பொறுப்பு இரட்டிப்பாகிறது.

ஒவ்வொரு சங்கத்து நிர்வாகக் குழுவும் அடுத்த கிராம சபைக்குப் பதினைந்து நாட்கள் முன்னதாக ஒரு கூட்டம் போடட்டும். நின்ற தறிகள், வராத தொகை, நனைந்த மூட்டைகள் ஆகியவற்றின் கணக்கை ஒரு பக்கத்தில் எழுதட்டும். கேட்கும் பரிகாரம் இன்னது, அதைத் தரவேண்டிய அலுவலகம் இன்னது என்று அதன் அடியில் குறிக்கட்டும். சபையில் படித்துத் தீர்மானமாக்கிய பின், அதன் நகலைத் தலைவரிடமோ, அவர் இல்லாத ஊரில் கலெக்டரிடமோ ஒப்படைத்து, ஒப்புகை பெற்றுச் சங்கத்துக் கோப்பில் வைக்கட்டும். முப்பது நாட்களில் பதில் வராவிடில் அந்த ஒப்புகையைக் காட்டி மறுபடியும் கேட்கட்டும். கடன் தவணையைச் சங்கம் நம்மிடம் எவ்வளவு விடாமல் கேட்கிறதோ, அவ்வளவு விடாமல் நாமும் கேட்கப் பழகவேண்டும்.