ஓடாத கடிகாரம்

சென்ற மாதம் ஊத்தங்கரையில் ஒரு சிநேகிதர் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் பழைய பித்தளைச் சாமான்களை எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். குவியலின் மேல் ஒரு பாக்கெட் கடிகாரம் கிடந்தது.

"பாட்டனாருடையது. எனக்கு நினைவு தெரிந்த நாளாய் ஓடியதில்லை. எப்போதும் பத்து மணி ஏழு நிமிஷந்தான்!" என்றார் சிநேகிதர்.

எடுத்துப் பார்த்தேன். சாவித் திருகைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிட்டது; உள்ளே சின்னஞ்சிறு கண்ணாடி வில்லை! அது கடிகாரமே அல்ல. 'டிக்கா' என்னும் மறைவுக் காமிரா.

இதே வட்டாரத்து ராயக்கோட்டையைக் காப்டன் ட்ரைப் பிடித்த படங்கள் 1858-ல் தொகுதியாக வெளிவந்தன. அவர் சுமந்து வந்த காமிரா பெரிய மரப்பெட்டி. ஐம்பது வருஷத்துக்குள் காமிரா சட்டைப் பைக்குள் புகுந்துவிட்டது. கோட்டின் பொத்தான் துவாரத்தால் எட்டிப் பார்க்கும் ஸ்டெர்ன் காமிரா முதலில் வந்தது. 1890-களில் நார்வே மாணவர் கார்ல் ஸ்டோர்மர் அதைக் கொண்டு வீதியில் போவோரைப் படம் பிடித்தார். நாடகாசிரியர் இப்ஸனும் தப்பவில்லை. பிறகு லண்டன் ஹௌட்டன்ஸ் கம்பெனியார் செய்ததே டிக்கா. ஒரு சுருளில் 25 படங்கள். ஒவ்வொன்றும் 22 மில்லிமீட்டருக்கு 16.

சாதாரண டிக்காவுக்கு முள் கிடையாது. முள் வைத்தது அபூர்வம். அந்த இரு முட்களுக்கு இடையே அடங்கும் காட்சிதான் படத்தில் விழும். பத்து மணி ஏழு நிமிஷத்தின் மர்மம் அதுவே!

"என்ன விலை பெறும்?" என்றார் சிநேகிதர்.

விற்பவர் கேட்கும் விலையை நம்பலாகாது. இதே வகை ஏலத்தில் உண்மையாய்ப் போன விலையே அளவுகோல். அதிலும் வில்லையை மூடும் திருகு இருக்கிறதா, விசை வேலை செய்கிறதா, பிலிம் கூடும் ஆதிப் பெட்டியும் உண்டா என்று பார்ப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய மேற்பூச்சு கெடாதிருக்க வேண்டும்.

இதற்குள் சிநேகிதரின் சகதர்மிணி புளியும் சாம்பலுமாக வந்துவிட்டார். "அம்மா, வேண்டாம்! தேய்த்தால் நிக்கல் போய்விடும், மதிப்பும் கூடவே போய்விடும்" என்று தடுத்தேன்.

சிநேகிதர் முதுகு மூடியைத் திறக்கப் போனார். அதையும் தடுத்தேன். உள்ளே சுருள் இருந்தால், பாட்டனார் பிடித்த முகங்கள் இன்னமும் அதில் உறங்கிக்கொண்டிருக்கலாம். வெளிச்சம் பட்டால் ஒரு நொடியில் அழிந்துபோகும். இருட்டறையில் விஷயம் தெரிந்தவரே திறக்க வேண்டும்.

பழைய சாமான்காரர் தராசைத் தூக்கிக்கொண்டு, "கடிகாரம் உண்டா, இல்லையா?" என்றார்.

"இல்லை ஐயா, அது ஓடுகிறது" என்றார் சிநேகிதர்.