செவிக்கு எட்டாத நுண்மை

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கி நீளும் சாலைக் கடைத்தெரு, 18-ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர்த் திவான் ராஜா கேசவதாசர் காலத்தில் உருவானது. இவ்வாரவாரத்தின் நடுவே ஹெட்போன் அணிந்து நடக்கும் இளைஞருக்கு “உயர்நுண்மை” ஒலிப்பதிவு என்ன பயன் தரும்?

இலக்கமுறைப் பதிவில் ஒலியலை மிகக் குறுகிய கால இடைவெளிகளில் அளக்கப்பட்டு எண்களாகக் குறிக்கப்படுகிறது. அலையிலுள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணின் இரு மடங்குக்கு மேற்பட்ட தடவை அளந்தால் அதனை மீட்டுவிடலாம் என்பதைக் கிளாடு ஷானன் 1949-இல் விளக்கினார். மனிதச் செவி இளமையில் சுமார் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை உணரும். வயது ஏற ஏற மேலெல்லை தாழும். 1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தகடு வினாடிக்கு 44,100 தடவை அளக்கிறது. ஒவ்வோர் அளவும் 16 பிட் எண்ணாதலின், சுமார் 96 டெசிபெல் ஒலி வேறுபாடு அதில் அடங்கும்.

உயர்நுண்மைப் பதிவோ 24 பிட் அளவில் வினாடிக்கு 1,92,000 தடவை வரை அளக்கிறது. எண்களின் தொகை ஏறத்தாழ ஆறரை மடங்காகிறது. செவியின் திறன் பெருகுவதில்லை. 2007-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், இவ்விரு தரங்களையும் வேறுபடுத்தக் கேட்ட 554 சோதனைகளில் 276 விடைகளே சரியாயின. இது நாணயத்தைச் சுண்டிப் பெறும் விடையினின்று வேறன்று. 2016-இல் ஜோஷுவா ரீஸ் 18 ஆய்வுகளைத் தொகுத்தபோது சரியான விடைகள் 52.3 சதவீதம், பயிற்சி பெற்றோர் சற்றுக் கூடுதலாகக் கண்டறிந்தனர். ஆகவே வேறுபாடு அறவே இல்லையெனக் கூறுவதற்கில்லை. பொதுமக்களுக்கு அது மிகச் சிறிது என்பதே உண்மை.

கடைத்தெருவின் நிலை இதனினும் தெளிவு. இந்தியாவின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வணிகப் பகுதிக்குப் பகலில் 65 டெசிபெலை எல்லையாக வகுத்துள்ளன. அவ்வளவு இரைச்சலில் இசையின் மெல்லிய பகுதிகள் பெரும்பாலும் அமிழ்ந்துவிடும். அவற்றைக் கேட்க ஒலியை உயர்த்துவோர், செவியின் நுண்மயிர் உயிரணுக்களுக்குக் கேடு தேடுகின்றனர். மனிதரிடம் அவை அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்போர்க்கு 80 டெசிபெலே எல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

ஒலிப்பதிவுக் கூடங்களுக்கும் பழைய நாடாக்களைக் காக்கும் ஆவணக் காப்பகங்களுக்கும் 24 பிட் நுண்மை பெரிதும் பயன்படுவதே. அங்குப் பதிவு திருத்தப்படுகிறது, வருங்காலத்திற்கென வைக்கப்படுகிறது. கேட்போருக்கு வேண்டுவதோ நன்கு பதிவான இசையும், அமைதியான சூழலும், பழுதற்ற செவியுமேயாம். கூடுதல் எண்களுக்குச் செலவிடுமுன், இயற்கை அளித்த கருவியைக் காப்பதே அறிவுடைமை.