விரிசல்: குற்றவாளி கீழேயா, மேலேயா?

கோலார் தங்கவயலில் ஒரு வீட்டுச் சுவரில் விரிசல் விழுந்தால் சந்தேகம் முதலில் சுரங்கத்தின் மேல் திரும்புவது இயல்புதான். சாம்பியன் ரீஃப் சுரங்கம் சுமார் 3.2 கி.மீ. ஆழம் வரை போனது. அந்த ஆழத்தில் பாறை பயங்கர அழுத்தத்தில் நெருக்குண்டு கிடக்கும். தாதுவை வெட்டியெடுத்ததும், கிடைத்த இடத்தில் விரியப் பார்க்கும். தாங்க முடியாதபோது வெடித்துச் சிதறும். இந்தப் பாறைவெடிப்புகள் சுரங்கத் தொழிலாளர்களைப் பலிகொண்டன. மேலே கட்டடங்களையும் உலுக்கின. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டு, உள்ளே நீர் நிரம்பிய பிறகும் அதிர்வுகள் பதிவாகியிருக்கின்றன.

ஆனால் எல்லா விரிசலுக்கும் சுரங்கம் பொறுப்பல்ல. இன்னொரு குற்றவாளி தலைக்கு மேலேயே இருக்கிறது: வெயிலில் காயும் கான்கிரீட் தளம். 10 மீட்டர் நீளமுள்ள தளத்தின் வெப்பம் 30 டிகிரி செல்சியஸ் கூடினால் அது சுமார் 3 மி.மீ. நீளும். செங்கல் சுவர் அதே சூட்டில் ஏறக்குறைய அதில் பாதிதான் விரியும். பகலில் தளம் சுவரைத் தள்ளுகிறது; இரவில் சுருங்கி இழுக்கிறது. இழுபறியில் தோற்பது சுவர்.

இரண்டையும் அடையாளம் காணலாம். வெயில் விரிசல் பெரும்பாலும் மேல்மாடியில், தளத்துக்குச் சற்றுக் கீழே, படுக்கைவாக்கில் ஓடும். காலைக்கும் பிற்பகலுக்கும் அதன் அகலம் மாறும். அதிர்வு விரிசல் திடீரென வரும், கதவு, ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக ஓடும், கீழ்த்தளத்தையும் விட்டுவைக்காது. விரிசலின் இருபுறமும் பென்சிலால் கோடிட்டு, தேதி எழுதி, சில வாரங்கள் அளந்து பார்த்தால் பாதி உண்மை தெரிந்துவிடும்.

இதில் அலட்சியம் கூடாது. காரணம், இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர். வெயிலுக்கு, அசைய இடம் விட வேண்டும்: கட்டும்போதே சுவர் உச்சியை வழவழப்பாகப் பூசித் தார்க் காகிதம் விரித்து, அதன் மேல் தளம் போடுவது, தளத்தின் மேல் செங்கல் ஜல்லி, சுண்ணாம்புக் கலவை, தட்டோடு பதிப்பது, 45 மீட்டருக்கு மேல் நீளும் கட்டடத்தில் இடைவெளி விடுவது. அதிர்வுக்கோ, அசையாமல் பிணைக்க வேண்டும்: கதவு, ஜன்னல்களுக்கு மேலே சுவர் முழுவதையும் சுற்றிவரும் கான்கிரீட் பட்டை.

காரணம் தெரியாமல் சிமெண்ட் பூசி மறைத்தால்? அடுத்த கோடையில் அதே விரிசல் மீண்டும் எட்டிப் பார்க்கும்.