நீல அவரை: பெயரில்தான் அவரை

கேள்வி: நீல நிறத்தில் அவரை போலக் காய்க்கும் செடியின் விதை இணையத்தில் விற்பனைக்கு வருகிறது. அருவங்காட்டில் வளருமா? தேயிலை ஓரத்தில் நட்டால் மண்ணுக்குத் தழைச்சத்து கிடைக்குமா?
– வாசகர், அருவங்காடு

பதில்: இச்செடியின் தாவரவியல் பெயர் டெகாய்ஸ்னியா. 'நீல அவரை' என்று விற்றாலும் இது அவரைக் குடும்பத்துச் செடி அல்ல. எனவே வேர்முடிச்சு மூலம் மண்ணில் தழைச்சத்தைச் சேர்க்காது. தழைச்சத்துதான் நோக்கம் என்றால் இளந்தேயிலை வரிசைகளுக்கு இடையே கொழுஞ்சி, கிலுகிலுப்பை இனப் பசுந்தாள் செடிகளே ஏற்றவை.

டெகாய்ஸ்னியா 3 முதல் 5 மீட்டர் வரை வளரும் இலையுதிர் புதர். பச்சை கலந்த மஞ்சள் பூக்கள் சரமாகத் தொங்கும். காய் விரல் போலப் பருத்து, சுமார் 10 செ.மீ. நீளம் இருக்கும். சீனாவில் நீலக் காயும், சிக்கிம், பூட்டான் பகுதிகளில் மஞ்சள் காயும் காணப்படுகின்றன. உள்ளே வழவழப்பான சதையும் கறுப்பு விதைகளும் இருக்கும். சிக்கிமின் லெப்சா மக்கள் சதையை உண்பதை 19ஆம் நூற்றாண்டிலேயே ஜோசப் ஹூக்கர் குறித்துள்ளார். விதையை உண்ணக் கூடாது.

இது குளிர்ந்த மலைச்செடி. மக்கிய இலையுரம் நிறைந்த, ஈரம் காக்கும், ஆனால் நீர் தேங்காத மண் வேண்டும். தளிர்விடும் நேரத்தில் உறைபனி விழுந்தால் கருகிவிடும். எனவே பனி தேங்கும் பள்ளங்களையும் பலத்த காற்று வீசும் இடங்களையும் தவிர்க்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து விதை வரவழைக்க, 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றும் தேவை. இவையில்லாமல் தபாலில் வரும் விதையை வாங்க வேண்டாம். விதையோடு நோயும் பூச்சியும் சேர்ந்து வரலாம்.

நீலகிரிக்கு இதில் பழைய பாடம் ஒன்று உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவரப்பட்ட ஸ்காட்ச் புரூம், கோர்ஸ் ஆகிய மஞ்சள் பூப் புதர்கள் இன்று மேல் நீலகிரியின் புல்வெளிகளை அடைத்து நிற்கின்றன. காய் வெடித்துச் சிதறும் அவற்றின் விதைகள் மண்ணில் பல்லாண்டுகள் உயிரோடு கிடக்கும். அதனால் வெட்டிய இடத்திலேயே மீண்டும் முளைக்கின்றன. எல்லா அயல்செடியும் இப்படிக் களையாகிவிடாதுதான். ஆனாலும் களையான பிறகு அதை ஒழிக்கும் செலவு பெரிது.

ஆகவே முறையாகக் கிடைத்தால் வீட்டுத் தோட்டத்தில் ஓரிரு செடிகளோடு நிறுத்திக்கொள்ளலாம். காய் பழுத்ததும் பறித்துவிட வேண்டும். விதையை வேலிக்கு வெளியே வீசக் கூடாது. சோலை, புல்வெளி, ஓடைக்கரை ஓரங்களில் நடவே வேண்டாம்.