கல்பாசிக்குள் குடியிருப்பவர் யார்?

போன வாரம் அம்மாவுடன் தேக்காவுக்குப் போனேன். மளிகைக் கடையில் கல்பாசிப் பொட்டலத்தை எடுத்தவர், "இது எந்தக் குளத்துப் பாசி?" என்று கேட்டார். பல வருடங்களாகச் செட்டிநாட்டுக் குழம்பில் போடுபவர்! வானொலியில் மணிக்கணக்காகப் பேசும் எனக்கும் பதில் தெரியவில்லை.

தேடிப் பார்த்தேன். கல்பாசி குளத்தில் வளர்வதில்லை. பாறையிலும் மரப்பட்டையிலும் வளரும் லைக்கன் அது. பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்தும் கூட்டுக் குடித்தனம். பூஞ்சை வீடு கட்டும். பாசி வெயிலில் உணவு தயாரிக்கும். நம் சாலையோர மரங்களில் சாம்பல் பச்சைத் திட்டுகளாக ஒட்டியிருப்பவையும் லைக்கன்கள்தாம். அந்த வீட்டில் வாடகைக்கு இருப்பவர்களும் உண்டு: பாக்டீரியாக்கள்.

2018இல் தாய்லாந்து ஆய்வாளர்கள் லைக்கன் ஒன்றிலிருந்து பிரித்தெடுத்த புதிய பாக்டீரியாவுக்கு 'ஸ்ட்ரெப்டோமைசிஸ் லைக்கனிஸ்' என்று பெயரிட்டார்கள். காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து 1943இல் கிடைத்ததும் இதன் சொந்தக்கார பாக்டீரியாவிடமிருந்துதான். அதனால் ஆள் அடையாளம் முக்கியம். பழைய ஆளைப் புதியவர் என்று நம்பினால், தெரிந்த மருந்தையே மறுபடியும் கண்டுபிடித்துக்கொண்டிருப்போம்.

புதியதென்று எப்படி உறுதி செய்கிறார்கள்? எல்லா பாக்டீரியாவிலும் இருக்கும் '16எஸ்' மரபணுவை முதலில் ஒப்பிடுவார்கள். தெரிந்த இனங்களோடு 98.7 விழுக்காட்டுக்கும் குறைவாக ஒத்துப்போனால் புதியதாக இருக்க வாய்ப்பு அதிகம். அதைவிட நெருக்கமாக இருந்தாலும் கைவிடுவதில்லை. முழு மரபணுத் தொகுப்பையும் ஒப்பிடுவார்கள். அங்கே ஒற்றுமை சுமார் 95 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். என்ன சாப்பிடுகிறது, எந்த வெப்பத்தில் வளர்கிறது என்றும் பார்ப்பார்கள்.

முக்கியமான விதி கடைசியில்தான். உயிருள்ள மாதிரியைக் குறைந்தது இரண்டு நாடுகளின் சேமிப்பகங்களில் ஒப்படைக்க வேண்டும். சந்தேகப்படும் ஆய்வாளர்கள் வாங்கிச் சோதிக்கலாம்.

பெயர் லத்தீன் சாயலில் இருக்க வேண்டும். ஆனால் நம்மவர் பெயரும் வைக்கலாம். அனைத்துலக விண்வெளி நிலையத்தின் காற்று வடிகட்டியில் கிடைத்த பாக்டீரியாவுக்கு, நாசாவின் கஸ்தூரி வெங்கடேஸ்வரன் குழு 2017இல் வைத்த பெயர் 'சோலிபேசில்லஸ் கலாமீ'. ஆம், நம் அப்துல் கலாம்தான்.

"ஒரு கிருமிக்குப் பேர் வைக்கவே இத்தனை விசாரணையா?" என்று அம்மா வியந்தார். அன்று மாலை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த வைத்தியக் குறிப்பை வழக்கம்போல் உடனே பத்துப் பேருக்கு அனுப்பவில்லை. "இது உண்மையான்னு பாரு" என்று கைப்பேசியை என்னிடம் நீட்டினார்.