மணல்மேட்டைத் தொடாத சைக்கிள் வழி வேண்டும்

திருச்செந்தூர் ரயில் நிலையத்தில் இறங்கி, சைக்கிளில் தெற்கே போனால் ஆலந்தலை, கல்லாமொழி, குலசேகரன்பட்டினம், மணப்பாடு என்று கடலை ஒட்டியே ஊர்கள் வரும். மணப்பாட்டிலிருந்து உடன்குடிக்குத் திரும்பி, பரமன்குறிச்சி வழியாகத் தேரி என்னும் செம்மணல்மேட்டுப் பக்கத்தைத் தொட்டுக்கொண்டு மறுபடி திருச்செந்தூருக்கு வந்துவிடலாம். மொத்தம் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். மூச்சு வாங்கவைக்கும் ஏற்றம் எங்கும் கிடையாது. கடற்கரை, மணல்மேடு, கோயில், தேவாலயம், கடைத்தெரு எல்லாம் ஒரே சுற்றில் அமைந்த இப்படியொரு வழி தமிழகக் கடற்கரையில் அபூர்வம். இதை முறையான சைக்கிள் வழியாக அரசு அறிவிக்க வேண்டும். அதற்காக ஒரு பிடி மணல்மேட்டைக்கூட வெட்டக் கூடாது.

இதை இப்போதே சொல்ல வேண்டியிருக்கிறது. குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. கல்லாமொழியில் உடன்குடி அனல்மின் திட்டம் எழுந்திருக்கிறது. லாரிகள் கூடும், சாலை அகலமாகும், நிலத்தின் விலை ஏறும். சாலையின் வரைபடம் தீர்மானிக்கப்படும்போது சைக்கிளுக்கும் நடப்பவருக்கும் இடம் ஒதுக்காவிட்டால், தார் போட்ட பிறகு யாரும் ஒதுக்கப் போவதில்லை.

இந்த வழியின் செல்வம் மணல்தான். மணப்பாட்டில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணற்குன்றின் மேல் 1581-இல் கட்டப்பட்ட திருச்சிலுவை ஆலயம் நிற்கிறது. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகை அதே குன்றின் கடல் பக்கம் இருக்கிறது. மேலே ஏறி நின்றால் கருமேனியாறு கடலோடு சேரும் கழிமுகமும், அலைக்கும் ஆற்றுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல்திட்டும் தெரியும். கீழே ஊருக்குள், கொழும்பு வியாபாரத்தில் பொருள் ஈட்டியவர்கள் கட்டிய பழைய பெரிய வீடுகள். காரில் வருபவர்கள் பெரும்பாலும் ஆலயத்தைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். இந்தத் தெருக்களுக்குள் மெதுவாகப் போவதற்கென்றே உள்ள வாகனம் சைக்கிள்.

மேற்கே தேரி. காற்று ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கொண்டுவந்து குவித்த மணல்; இரும்பு ஆக்சைடு படிந்து செக்கச்செவேல் என்றிருக்கிறது. கற்கால மனிதர்களின் நுண்கற்கருவிகள் இந்தத் தேரிகளில் கிடைத்துள்ளன. பனையும் கொல்லாமரமும் உடைமரமும்தான் அதைப் பிடித்துவைத்திருக்கின்றன. தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயிலில் கள்ளர்வெட்டுத் திருவிழா முடிந்ததும் பக்தர்கள் அந்த மண்ணைத்தான் எடுத்து முடிந்துகொண்டு வீடு திரும்புகிறார்கள். தேரிக்குள் சைக்கிள் ஓடாது, டயர் புதைந்துவிடும். ஓட வேண்டியதும் இல்லை. சாலையோரம் நிறுத்திவிட்டுக் காலால் நடக்க வேண்டிய இடம் அது.

நம் ஊரில் சுற்றுலாத் திட்டம் என்றால் அது பேவர் பிளாக்கில் தொடங்கி உயர்கோபுர விளக்கில் முடிகிறது. மணல்மேட்டைச் சமன்செய்து நடைபாதை போடுவதை 'அழகுபடுத்துதல்' என்கிறார்கள். மணல்மேடு கடலுக்கும் ஊருக்கும் நடுவிலுள்ள அரண். 2004 சுனாமிக்குப் பிறகு கள ஆய்வு செய்தவர்கள், மணல்மேடுகள் கலையாமல் இருந்த இடங்களில் அலையின் வேகம் தணிந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையும் மணல்மேடுகளை மிக உயர்ந்த பாதுகாப்பு வகையில்தான் வைத்திருக்கிறது. தாது மணலுக்காகக் கடற்கரையைத் தோண்டித்தோண்டி, கடைசியில் 2013-இல் அரசே தடை போட வேண்டி வந்த மாவட்டம் இது. இன்னொரு முறை மணலில் கைவைக்க இங்கே இடமில்லை.

கட்டாமலே சைக்கிள் வழி அமைக்க முடியும் என்பதற்கு பெல்ஜியத்தின் லிம்பர்க் மாகாணம் சாட்சி. அங்கே நிலக்கரிச் சுரங்கப் பொறியாளராக இருந்த ஹியூகோ போலன், சுரங்கத்துக்குள் வழி கண்டுபிடிக்கும் முறையைச் சாலைக்குக் கொண்டுவந்தார். இருக்கும் சிறு சாலைகள் சந்திக்கும் ஒவ்வொரு முக்குக்கும் ஓர் எண், அடுத்த எண்ணைக் காட்டும் ஒரு பலகை, அவ்வளவுதான். 1995-இல் தொடங்கிய அந்த முறை இன்று நெதர்லாந்து முழுக்கப் பரவிவிட்டது. அதே நெதர்லாந்தில், 1853 முதல் ஆம்ஸ்டர்டாமுக்குக் குடிநீர் தரும் மணல்மேட்டுக் காப்பகத்துக்குள் நடக்கலாம், சைக்கிள் கொண்டுபோகக் கூடாது. சைக்கிளை உயிராக நினைக்கும் நாடே சில இடங்களில் அதை வாசலில் நிறுத்தச் சொல்கிறது. இங்கும் அந்தக் கட்டுப்பாடு வேண்டும்.

'இந்த வெயிலில் யார் சைக்கிள் ஓட்டுவார்கள்?' என்று கேட்கக்கூடும். ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளில் இதே சாலையின் ஓரத்தில் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள், லாரி ஹாரன் அடித்தால் மணலில் இறங்கி ஒதுங்குகிறார்கள். தைப்பூசம் நெருங்கினால் பச்சை வேட்டி கட்டிய பாதயாத்திரைக் கூட்டம் இரவெல்லாம் தார்ச்சாலை விளிம்பில் நடந்து திருச்செந்தூருக்கு வருகிறது. குலசை (குலசேகரன்பட்டினம்) தசராவுக்கு வேடம் கட்டி வருவோரும் அப்படித்தான். சைக்கிளுக்கென்று ஒதுக்கும் இரண்டு மீட்டர் ஓரம் இவர்கள் எல்லோருக்கும் பாதுகாப்பு. சுற்றுலாப் பயணி அதற்கு அடுத்தபடிதான்.

ஊருக்கும் வருமானம் உண்டு. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பனங்காட்டு விடிலியில் பதநீர் கொதித்து, பாகு பதமாகி, சிரட்டையில் ஊற்றப்படுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் கலப்படக் கருப்பட்டி பக்கம் போக மாட்டார். காரில் விரைபவருக்கு விடிலியின் புகைகூடத் தெரியாது. சைக்கிளில் வருபவர் வாசம் பிடித்தே நிறுத்துவார்.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிக்காதவை. முக்குகளில் எண் பலகை, ஊர்களுக்குள் வேகக் கட்டுப்பாடு, பள்ளி தொடங்கும் முடியும் நேரங்களில் கனரக வாகனங்களுக்குத் தடை, சாலையோரம் புங்கமும் வேம்பும், நான்கைந்து இடங்களில் குடிநீர். திருச்செந்தூர் ரயில் நிலையத்திலும் உடன்குடியிலும் வாடகை சைக்கிள் நிலையத்தை மகளிர் சுய உதவிக் குழுக்களிடம் ஒப்படைக்கலாம். மாவட்ட ஆட்சியர் நெடுஞ்சாலைத் துறையையும், வனத்துறையையும், வழியிலுள்ள உள்ளாட்சிகளையும் ஒரே மேசைக்கு அழைத்தால் வரைபடம் தயாராகிவிடும். குலசை தசரா முடிவதற்கும் தைப்பூசப் பாதயாத்திரை தொடங்குவதற்கும் நடுவே சில மாதங்கள் இருக்கின்றன. மழை ஓய்ந்ததும் பலகைகளை நட்டு, சாலையோரக் கோட்டையும் போட்டுவிட அந்த அவகாசம் போதும்.