பாபி மிட்செல்: ஓடவிட்டார்கள், ஆளவிடவில்லை

இடஒதுக்கீடு வந்தால் தரம் போய்விடும் என்று யாராவது சொல்லும்போதெல்லாம் (ஆய்வு மாணவராக இருப்பதால் வாரம் ஒருமுறையாவது இதைக் கேட்டுவிடுகிறேன்) எனக்கு 1961ஆம் ஆண்டின் வாஷிங்டன் அமெரிக்கக் கால்பந்து அணி நினைவுக்கு வரும். அந்தப் பருவத்தில் 14 ஆட்டங்கள் ஆடி 12இல் தோற்றது. ஒன்று சமன், ஒன்றே ஒன்று வெற்றி. என்எஃப்எல் போட்டித் தொடரில் ஒரு கறுப்பர்கூட இல்லாமல் எஞ்சியிருந்த கடைசி அணியும் அதுதான்.

மற்ற அணிகள் 1946 முதல் ஒவ்வொன்றாகக் கறுப்பின வீரர்களைச் சேர்த்துக்கொண்டன. வாஷிங்டன் முதலாளி ஜார்ஜ் பிரெஸ்டன் மார்ஷல் மட்டும் அசையவில்லை. தென்மாநில வெள்ளையர்கள்தான் அவருடைய சந்தை. வானொலியும் தொலைக்காட்சியும் அங்கே காசு ஈட்டித் தந்தன. தோற்றாலும் பரவாயில்லை, கலந்துவிடக் கூடாது. தரத்தைப் பற்றி அப்போது அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

அவரை அசைத்தது மனசாட்சி அல்ல, நிலம். அணி குடிபுகவிருந்த புதிய விளையாட்டரங்கம் அரசு நிலத்தில் இருந்தது. அந்த நிலத்துக்குப் பொறுப்பான கென்னடி அமைச்சரவை உறுப்பினர் ஸ்டூவர்ட் யூடால், கறுப்பர்களைச் சேர்க்காவிட்டால் அரங்கம் கிடையாது என்று கறாராகச் சொன்னார். அணியை வெள்ளையாகவே வைத்திருக்கச் சொல்லி அமெரிக்க நாஜிக் கட்சிக்காரர்கள் பதாகை பிடித்தார்கள். ஒரு பருவம் இழுத்தடித்துவிட்டு மார்ஷல் பணிந்தார். புதிய வீரர்களைத் தேர்ந்தெடுப்பதில் கிடைத்த முதல் வாய்ப்பில் எர்னி டேவிஸ் என்ற கறுப்பின இளைஞரைத் தேர்ந்தெடுத்து, அவரை கிளீவ்லாந்து அணிக்குக் கொடுத்து, பதிலுக்கு இருவரைப் பெற்றார். அவர்களில் ஒருவர் பாபி மிட்செல்.

கிளீவ்லாந்தில் மிட்செல் பந்தைச் சுமந்து ஓடியவர். வாஷிங்டன் அவரை வைட் ரிசீவர் ஆக்கியது. ஆடுகளத்தின் ஓரத்திலிருந்து பாய்ந்து, எதிரணிக்காரர்களிடமிருந்து விலகி, தூரத்திலிருந்து எறியப்படும் பந்தைப் பிடிக்கிற இடம் அது. 1962இல் வாஷிங்டனுக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே எதிரணி உதைத்த பந்தைப் பிடித்து 92 கெஜம் ஓடிப் புள்ளி எடுத்தார். அந்தப் பருவத்தில் 72 முறை பந்தைப் பிடித்து 1,384 கெஜம் ஈட்டினார். இரண்டிலும் தொடரிலேயே முதலிடம். அடுத்த ஆண்டு 1,436 கெஜம். ஒரே ஒரு வெற்றி கண்டிருந்த அணி 1962இல் ஐந்து ஆட்டங்களில் வென்றது.

வரவேற்பு விருந்து ஒன்றில், அடிமை முறைக்காகப் போரிட்ட தென்மாநிலங்களின் கீதமாகிவிட்ட 'டிக்ஸி' பாடல் ஒலிக்க, பக்கத்தில் நின்ற மார்ஷல் 'பாடு' என்று தன்னை அதட்டியதை மிட்செல் பின்னாளில் சொல்லியிருக்கிறார். சேர்த்துக்கொண்டவரின் விருந்தோம்பல் அப்படித்தான் இருந்தது.

ஆனால் என்னை உறுத்துவது அவர் ஆட்டத்தை நிறுத்திய பிறகு நடந்ததுதான். பயிற்சியாளர் வின்ஸ் லொம்பார்டி அவரை வீரர்களை மதிப்பிடும் வேலைக்கு அலுவலகத்தில் சேர்த்தார். படிப்படியாகத் துணைப் பொது மேலாளர் ஆனார். அதோடு ஏணி முடிந்தது. 1978இல் பொது மேலாளர் நாற்காலி வெளியிலிருந்து வந்த பாபி பெத்தர்டுக்குப் போயிற்று. 1989இல் அது சார்லி கேசர்லிக்குப் போயிற்று. 1977இல் சம்பளமில்லாப் பயிற்சி ஊழியராக அந்த அலுவலகத்துக்குள் நுழைந்தவர் அவர். இருவரும் வெள்ளையர். இருவர் காலத்திலும் அணி கோப்பை வென்றது, மறுக்கவில்லை. மிட்செல் என்ன செய்திருப்பார் என்று ஒப்பிடத்தான் வழியில்லை. நாற்காலி கிடைக்காதவரின் தகுதியை எதை வைத்து அளப்பது? பம்பாயில் இந்துக்கள் அணிக்குப் பந்துவீசி வெற்றிகள் தேடித் தந்த பல்வங்கர் பாலுவுக்குக் கடைசிவரை அந்த அணியின் தலைமை தரப்படாததை நாம் அறிவோம். பந்தைத் தொடலாம், யார் ஆடுவது என்று முடிவுசெய்யும் பேனாவைத் தொடக் கூடாது.

என்எஃப்எல்லில் ஒரு கறுப்பர் பொது மேலாளர் ஆவதற்கு 2002 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் பால்டிமோரின் ஓஸி நியூசம். அடுத்த ஆண்டு மிட்செல் வாஷிங்டன் அலுவலகத்தைவிட்டு, துணையாகவே, வெளியேறினார்.

மார்ஷலுக்குக் கிடைத்தவற்றையும் பாருங்கள். புகழ் மண்டபத்தின் முதல் தொகுதியிலேயே, 1963இல், இடம். மிட்செலுக்கு அது 1983இல் வந்தது. ஏழைக் குழந்தைகளுக்கென மார்ஷல் சொத்து எழுதிவைத்தார். இன ஒருங்கிணைப்புக்கு அதில் ஒரு காசும் போகக் கூடாது என்று நிபந்தனையும் போட்டார். நீதிமன்றம்தான் அந்த நிபந்தனையை நீக்கியது. யூடால் தர மறுத்த அதே அரங்கத்தின் வாசலில் அவருக்கு நினைவுச் சின்னமும் நின்றது.

ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பின் தெருவில் இறங்கிய மக்கள், 2020 ஜூனில் அந்தச் சின்னத்தை அகற்ற வைத்தார்கள். அதே வாரத்தில் அணி தன் புதிய அரங்கத்தின் கீழ்த்தளத்திலிருந்து மார்ஷல் பெயரை நீக்கி, மிட்செல் பெயரை வைத்தது. அவர் அணிந்த 49ஆம் எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்றும் அறிவித்தது. மிட்செல் அதே ஆண்டு ஏப்ரலில் இறந்துவிட்டிருந்தார்.